நூலகத்திடம் ஒரு சந்தா

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,



தென்மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து பதினொரு ஆண்டுகளாக ஓர் இலக்கியக் காலாண்டிதழை நடத்தி வருகிறேன். 96 பக்கம், 500 பிரதி. இதழின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் இதழுக்காக மட்டும் இதை எழுதவில்லை என்பதே காரணம். ஊருக்கு ஊர் இப்படி யாராவது ஒருவர் தன் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ கொஞ்சம் எடுத்து வைத்து ஓர் இதழைக் கொண்டுவருகிறார். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

முதலில் ஒரு கதை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு என் வாட்ஸப்பில் அது வந்தது, 37 துண்டுச் செய்திகளாக. அனுப்பியவர் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண். ஆலைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார். ஒற்று இல்லை, பத்தி இல்லை, யார் பேசுகிறார் என்பதுகூடச் சில இடங்களில் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது துண்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அறுந்த இழையை ஓடுகிற மிஷினிலேயே பிடித்து ஒட்டுகிறபோது விரல் நுனியில் விழும் கோட்டை, வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

துண்டுகளை வரிசைப்படுத்தித் தட்டச்சு செய்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். மறுநாள் போனில், "கதையில மாமியார் ஒரு வார்த்தைகூடப் பேசலையே, ஏம்மா?" என்று கேட்டேன். "அவங்க பேச மாட்டாங்க சார். பாத்திரம்தான் பேசும்" என்றார். "அதை எழுதுங்கம்மா" என்றேன். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் கொல்லையில் பாத்திரம் விளக்குகிற சத்தத்தோடு கதை திரும்பி வந்தது. அந்த ஒரு பத்தியில் கதை எழுந்து நின்றுவிட்டது. இப்படி மூன்று முறை போய்வந்து, நாலாவது முறைதான் அச்சுக்குப் போயிற்று.

ஐயா, இதழின் வேலை இதுதான். அச்சடிப்பதும் அஞ்சலில் சேர்ப்பதும் அதற்குப் பிறகு வருபவை. ஒருவர் எழுதியதை முன்பின் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, இங்கே சரியில்லை, இங்கே இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று திருப்பிக் கொடுக்கிற இடம் அது. பள்ளிக்கூடம் அதைச் செய்வதில்லை. முகநூலில் விருப்பக்குறி விழும். "மாமியார் ஏன் பேசவில்லை" என்று கேட்க ஆள் வராது.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது இதழ் இரண்டு பிரதி. பணம் கொடுக்கவில்லை, கொடுக்க இல்லை. பதினொரு ஆண்டுகளில் எந்தக் கதைக்கும் எந்தக் கவிதைக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்பது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அரசு எழுத்தாளர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் இலக்கிய மாமணி விருது அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு மூவருக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய். உயரிய விருது பெற்றவர்களுக்கு வீடு தரும் கனவு இல்லத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. 2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. பிறகு வைகை, காவிரி, சிறுவாணி என்று நதிகளின் பெயரில் விழாக்கள் தொடர்ந்தன. மதுரையில் ஒரு பெரிய நூலகமே எழுந்திருக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள், மனமாரச் சொல்கிறேன். ஆனால் விருதும் வீடும் மேடையும் எழுதிப் பேர் வாங்கியவருக்கு. எழுத ஆரம்பிக்கிறவர் எங்கே போவார்?

தமிழில் அவர் போன இடம் பெரும்பாலும் சிற்றிதழ்தான். 1954இல் திருநெல்வேலியிலிருந்து ரகுநாதன் 'சாந்தி'யைக் கொண்டுவந்தார். சுந்தர ராமசாமியின் ஆரம்பக் கதைகள் அதில் வந்தன. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. திருகோணமலையில் இருபதை ஒட்டிய வயதில் இருந்த தருமு சிவராமுவின் கவிதைகளை, ஆளை நேரில் பார்க்காமலே, அந்த இதழ் வாங்கி வெளியிட்டது. அதில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேருடைய 63 கவிதைகளைத் தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பானது. புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது அந்த ஒல்லியான இதழ். சேலத்திலிருந்து 'நடை', நாகர்கோவிலிலிருந்து 'கொல்லிப்பாவை', கோவில்பட்டியிலிருந்து 'கல்குதிரை' என்று ஊர்களின் பட்டியல் நீளும். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். போரும் இடப்பெயர்வும் நடுவே வந்தும் நானூறு இதழ்வரை கொண்டுபோனார். பெரிய பத்திரிகைகள் யாருடைய படத்தைப் போடாதோ அந்த எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டார்.

செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் வருகிறது. எழுதுகிற கையில் மூட்டையைக் கொடுத்துவிட்டோமே என்று தோன்றுகிறது. அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல், 'சுதந்திர தாகம்' நாவலுக்கு. 1998லேயே அவர் காலமாகிவிட்டார்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் 1959இல் விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி'யில் தொடராகத்தான் ஆரம்பித்தது. சில அத்தியாயங்களோடு நின்றது. 'சரஸ்வதி'யும் 1962இல் நின்றது. நாவல் முழுதாகப் புத்தகமானது 1966இல். அத்தனை ஆண்டுகள் அதை மனத்தில் சுமக்க சுந்தர ராமசாமியால் முடிந்தது, நாவல் பிழைத்தது. இதழ் நின்றபோது கூடவே நின்றுபோன மற்றவர்களின் எழுத்து என்ன ஆயிற்று? அவர்களின் பெயரைத் தேடக்கூட நம்மிடம் வழியில்லை.

இதழ்கள் ஏன் நிற்கின்றன? தாள் விலை ஒரு காரணம். அதைவிடப் பெரியது, இதழை வாசகர் கையில் சேர்க்கும் செலவு. இதழ் வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பழுப்பு உறைதான். என் மனைவி முகவரி ஒட்டுவார், நான் உறையை மூடி அடுக்குவேன். பையன் பின்கோடு பார்த்துக் கட்டுப் பிரிப்பான். அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டது. 2025 மே முதல் தேதியில் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சலுகை வந்தபோது மூச்சு வந்தது. விதிகளைப் படித்துப் பார்த்தால், குறித்த இடைவெளியில் வெளிவரும் வெளியீடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்தித்தாளுக்கான பழைய அஞ்சல் சலுகைக்கோ 31 நாளுக்கு ஒருமுறையாவது வெளிவர வேண்டும் என்பது 1898ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த நிபந்தனை. காலாண்டிதழ் புத்தகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்று இரண்டு வாசலிலும் நிற்கிறது. அது மத்திய அரசின் காரியம், உங்கள் கையில் இல்லை என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்.

1948இல், எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் இந்த மாநிலத்துக்கு ஒரு நூலகச் சட்டம் கிடைத்தது. அதன்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கிராமம்வரை நூலகங்கள் நடக்கின்றன. அந்த நூலகங்கள் சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டட்டும். மாவட்டத்துக்குப் பத்து நூலகம் என்று வையுங்கள். 38 மாவட்டங்களுக்கு 380 பிரதி. தனி இதழ் 100 ரூபாய் என்றால், ஆண்டுக்கு நான்கு முறை வரும் ஒரு காலாண்டிதழுக்கு 1,52,000 ரூபாய். ஒரு விருதின் தொகையில் மூன்று இதழ்கள் ஓராண்டு தலைநிமிர்ந்து நடக்கும். விருதை நிறுத்தச் சொல்லவில்லை; தொகையின் அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். 500 பிரதி அச்சடிக்கிற ஒருவருக்கு 380 பிரதி உறுதியாகப் போகும் என்றால், அவர் அடுத்த இதழைப் பற்றிக் கவலைப்படாமல் இந்த இதழின் கதையைத் திருத்துவார்.

சந்தாவை ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அச்சகத்துக்காரர் கடன் சொன்னால் கேட்பார், தாள் கடைக்காரர் கேட்க மாட்டார். இரண்டு ஆண்டாவது விடாமல் வந்த இதழ்களை மட்டும் எடுங்கள். சந்தாவுக்காகவே முளைக்கிற இதழ்கள் அதிலேயே கழிந்துவிடும். எந்த இதழ் என்பதை, வாசகர் வட்டங்களில் உண்மையிலேயே படிக்கிறவர்களை வைத்து முடிவு செய்யுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களை மாற்றுங்கள். பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் பைண்டு செய்து மாவட்ட மைய நூலகத்திலாவது வைக்கச் சொல்லுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் தனி மனிதர்களின் பிடிவாதத்தால் காப்பாற்றியதை ஒரு துறை செய்வது கடினமல்ல.

ஒரு நிபந்தனையை எங்கள்மீது நீங்களே போட வேண்டும் என்று வேண்டுகிறேன். நூலகச் சந்தா வாங்குகிற இதழ் எழுதியவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கதைக்கு ஆயிரம், கவிதைக்கு முந்நூறு, எதுவானாலும் சரி. கொடுத்ததற்கு ரசீது காட்ட வேண்டும். என்னைப் போன்றவர்கள் "சிற்றிதழில் எழுதுவது தொண்டு" என்று பேசிப் பேசியே ஏழை எழுத்தாளரிடம் இலவசமாக வாங்கிப் பழகிவிட்டோம். அது தவறு. ஷிப்டு முடித்து வந்து தூங்காமல் எழுதுகிறவரிடம் தொண்டு கேட்க எனக்கு உரிமையில்லை.

அந்தப் பெண்ணின் இரண்டாவது கதை இப்போது என் மேசையில் இருக்கிறது. இம்முறை 14 துண்டுகள்தான். பத்தி பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் பேசும்போது, "எங்க ஊர் நூலகத்துல இந்த புக்கு வருமா சார்? அம்மாவக் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ஊரின் கிளை நூலக முகவரியை வாங்கிச் சந்தாப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் சந்தா எண் போடும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

பணிவன்புடன்,
ஓர் இதழாசிரியர்