வைட் டெவிலைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க

போன மாசம் போர்டிங் ரூம்ல நாலு பேர் சேர்ந்து 'இரும்புத்திரை' படத்தை மறுபடி பார்த்தோம். 2018 மே மாதம் வந்த படம். அப்போ நான் மஸ்கெலியாவில் ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தேன். இப்போ படம் முடிஞ்சதும் ஒருத்தன் சொன்னான்: "இதை நம்ம தோட்டத்துப் பொடியன்மாருக்கெல்லாம் போட்டுக் காட்டணும் மச்சான். நல்ல விழிப்புணர்வு." மத்த ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. நான் ஆட்டல. அந்தச் சண்டை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போச்சு. அங்க சொல்லி முடிக்காததை இங்க எழுதுறேன்.

"ஆர்ட்ஸ் பெகல்டிக்காரனுக்கு சொப்ட்வேர் பத்தி என்னடா தெரியும்?"னு அவன் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கு கோட் எழுதத் தெரியாது. ஆனா கடன் தெரியும், லயம் தெரியும், ஒரு ஆளோட பேர் பேப்பர்ல ஏறினா அவனுக்கு என்ன நடக்கும்னு தெரியும். இந்தப் படத்தைப் பத்திப் பேச அது போதும்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். பி.எஸ். மித்ரனுக்கு இது முதல் படம். அதுல முதல் பாதியை நான் மறுக்கவே மாட்டேன். விஷால் நடிக்கிற கதிரவன் இராணுவ மேஜர். தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் கேட்டு பேங்க் பேங்கா ஏறி இறங்குறான். யாரும் குடுக்கல. கடைசியில ஏஜென்ட் ஒருத்தன் பொய்ப் பத்திரம் தயாரிச்சுக் கடன் வாங்கிக் குடுக்கிறான். அந்தப் பணம் ராத்திரியோட ராத்திரியா கணக்கிலிருந்து காணாமப் போகுது. கடன் கேட்டு நிக்கிறவனோட முகம் எப்படிச் சுருங்கும்கிறதை தமிழ் சினிமா இவ்வளவு பொறுமையாக் காட்டுறது அபூர்வம்.

அதுக்கப்புறம்தான் கோளாறு. இதெல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு ஆள்னு படம் சொல்லுது. அர்ஜுன். பேர் வைட் டெவில். கோட்டு சூட்டு, சுவர் முழுக்க ஸ்கிரீன், மெதுவான சிரிப்பு. ஏழை எளியவங்களோட தகவலையெல்லாம் திருடி வச்சிருக்கிற பேய். அந்தப் பேயைப் பிடிச்சா பிரச்சினை தீர்ந்தது.

இது தமிழ் சினிமாவோட நோய் மட்டும் இல்ல. 2001இல் ஹொலிவூட்ல 'ஆன்டிட்ரஸ்ட்'னு ஒரு படம் வந்தது. மைலோங்கிற இளம் புரோகிராமர் பெரிய சொப்ட்வேர் கம்பெனி ஒண்ணுல சேர்றான். அந்தக் கம்பெனி மத்த புரோகிராமர்களை ஒளிஞ்சு கண்காணிச்சு, அவங்க கோடைத் திருடி, ஆளையும் கொல்லுது. முதலாளியா டிம் ரொபின்ஸ். பார்த்தவங்க எல்லாருக்கும் பில் கேட்ஸ் ஞாபகம்தான் வந்தது.

அதே நேரம் நிஜ மைக்ரோசொப்ட் கோர்ட்டுல நின்னுக்கிட்டு இருந்தது. 1998இல் அமெரிக்க அரசு போட்ட வழக்கு. குற்றச்சாட்டு கொலை இல்ல. விண்டோஸோட இன்டர்நெட் எக்ஸ்புளோரரைச் சேர்த்துக் கட்டி, கம்ப்யூட்டர் தயாரிக்கிற கம்பெனிகளை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டு, நெட்ஸ்கேப்பை ஒதுக்கினதுதான் குற்றச்சாட்டு. 2000 ஜூனில் கம்பெனியை ரெண்டாப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2001இல் மேன்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது. படத்துல வில்லன் பிடிபட்டான். நிஜத்துல கம்பெனி பிரியாமலே சமரசம் பண்ணிக்கிட்டு வெளியே வந்தது. அது செய்த வேலையெல்லாம் ஒப்பந்தத்துல, கையெழுத்தோட இருந்ததுதான். நாம பயப்பட வேண்டியது அந்தக் கையெழுத்துக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். 'இரும்புத்திரை' வர்றதுக்கு ரெண்டு மாசம் முந்தி, 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்துல திகன பக்கம் முஸ்லிம் மக்களோட வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் எரிஞ்சது. வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்ல பரவிக்கிட்டே இருந்தது. முறைப்பாடு பண்ணினவங்களுக்கு, இது எங்க விதியை மீறலைன்னு பதில் வந்தது. அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக், வட்ஸ்அப், வைபரை முடக்கிச்சு. கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இந்தக் கதையில ஹேக்கர் யாரு? ஒருத்தரும் இல்ல. சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆட்களைப் போதிய அளவு வேலைக்கு வைக்காத ஒரு கம்பெனி. நாம அதிக நேரம் பார்க்கிறதை மேல மேல தள்ளிவிடுற ஒரு கணக்கு. அவ்வளவுதான். இதைப் படமா எடுத்தா அர்ஜுனுக்கு வேஷமே இருக்காது.

இன்னும் கிட்ட வர்றேன். எங்க ரூம்லயே நடந்தது. போன வருஷம் நண்பன் ஒருத்தன் போன் அப் ஒண்ணுல சின்னக் கடன் எடுத்தான். செமஸ்டர் நேரம், மஹாபொல வரல, வீட்டுல கேக்க முடியாது. அப் இறக்கும்போது கொண்டக்ட்ஸ் பார்க்க அனுமதி கேட்டது. அமத்திட்டான். தவணை பிந்தினது ஒன்பது நாள். பத்தாவது நாள் அவன் போன்ல இருந்த ஆட்களுக்கெல்லாம் மெசேஜ் போச்சு: இன்னார் கடன் வாங்கிட்டு ஏமாத்துறார்னு. அவன் அப்பாவுக்கு, மாமாவுக்கு, ஏஎல் படிப்பிச்ச டீச்சருக்கு, தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும். ரெண்டு நாள் அவன் ரூமை விட்டு வெளிய வரல. சாப்பாட்டுப் பார்சலை நாங்கதான் கொண்டு வந்து குடுத்தோம்.

அவனோட தகவலை யாரும் திருடல. அவனே குடுத்தான். 'அனுமதி'ங்கிற பட்டனை அவனே அமத்தினான். ஆனா அந்த நிபந்தனை முழுக்க இங்கிலீஷ்ல இருந்தது. அமத்தாட்டி கடன் இல்லை. இதுக்குப் பேர் சம்மதமா?

தோட்டத்துல பிறந்தவனுக்கு இது புதுக்கதை இல்ல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல 'துண்டு'ன்னு ஒண்ணு இருந்தது. கங்காணியும் அவன் கூட்டத்து ஆட்களும் எவ்வளவு கடன், அதைக் கட்டினா இவங்களை விடுவிக்கலாம்னு தொரை எழுதிக் குடுக்கிற சீட்டு. இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கும். ஆளோட சேர்ந்து கடன் கைமாறும். 1921இல்தான் அதைச் சட்டம் ஒழிச்சது. அதுக்கு இருபது வருஷம் முந்தி, 1901இல், தகர டிக்கெட் முறை வந்தது. இந்தியாவிலிருந்து வர்ற தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குன்னு இலக்கம் போட்ட தகரத் துண்டோட வந்து இறங்குவான். மனுசனைத் தகவலாக்கி, அந்தத் தகவலை வச்சு அவனைக் கட்டிப்போடுறது சிலிக்கன் வேலியில கண்டுபிடிச்ச வித்தைன்னு யாராவது சொன்னா, மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறி வரச் சொல்லுங்க.

எங்கம்மா கொழுந்து எடுக்கிற தோட்டத்துல இப்போ டிஜிட்டல் தராசு. ஸ்கிரீன்ல நம்பர் வரும். அதுக்கப்புறம் சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கிலோ கழிபடும். வெயில் அடிக்கிற நாள்லயும் ஈரக்கழிவுதான். கிலோ குறைஞ்சா அரைப் பேர். முன்னாடி கணக்கப்பிள்ளையோட சண்டை பிடிக்கலாம். இப்போ கேட்டா, "மெசின்ல அப்படித்தான் வருது"ங்கிறாங்க. தராசு சரியாத்தான் நிறுக்குது. கழிவு எவ்வளவுன்னு முடிவு பண்றது மனுசன். அவன் மெசினுக்குப் பின்னால நின்னுக்கிட்டான்.

அதனாலதான் இந்தப் படத்தை 'விழிப்புணர்வு'ன்னு சொன்னா எனக்குக் கோபம் வருது. நீ பேராசைப்பட்ட, பொய்ப் பத்திரம் குடுத்த, கவனமில்லாம பட்டனை அமத்தின, அதான் மாட்டிக்கிட்டங்கிற தொனி படம் முழுக்க ஓடுது. அதாவது தப்பு பாதி வில்லன் மேல, மீதி நம்ம மேல. நடுவுல இருக்கிற பேங்க், கம்பெனி, அரசாங்கம் மூணும் கைகழுவிட்டுப் போயிடுது. ஒழுங்கா சம்பளம் வாங்குற மேஜருக்கே கடன் குடுக்காத பேங்கை முதல் பாதியில காட்டின டைரக்டர், ரெண்டாம் பாதியில அந்த பேங்கை மறந்தே போயிட்டார்.

நண்பன் அன்னைக்கு ராத்திரி கடைசியாக் கேட்டது: "படம்னா ஒரு வில்லன் வேணுமேடா. சட்டத்தைக் காட்டினா யாரு பார்ப்பா?" சரி, சினிமாவுக்கு அது வேணும்னே வச்சுக்குவோம். நமக்கு வேணாம். 2022இல் இலங்கையில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிச்சு. முக்கியமான பகுதிகளை அமுல்படுத்தாம வருஷக்கணக்கா இழுத்தாங்க. நம்ம பெச்ல எத்தனை பேருக்கு அப்படியொரு சட்டம் இருக்குன்னே தெரியும்? வைட் டெவில் பேர் எல்லாருக்கும் தெரியும்.

பொடியன்மாருக்குப் படம் போட்டுக் காட்டுங்க, வேணாம்னு சொல்லல. படம் முடிஞ்சதும் லைட்டைப் போட்டு மூணு விஷயம் பேசுங்க. கடன் அப் இறக்க முந்தி அந்த நிபந்தனையைத் தமிழ்ல எழுதித் தரச் சொல்லிக் கேக்கலாம்னு சொல்லுங்க. மிரட்டல் மெசேஜ் வந்தா வெட்கப்பட்டு ரூமுக்குள்ள ஒளியாம, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கிட்டு நாலு பேரா பொலிசுக்குப் போகணும்னு சொல்லுங்க. கொழுந்து நிறுக்கிற இடத்துல, கழிவுக்கு முந்தின நிறையையும் கழிவையும் தனித்தனியா எழுதின துண்டு கேக்கச் சொல்லுங்க.

எங்கம்மா போன வாரம் கேட்டிருக்கா. இன்னும் குடுக்கல. அடுத்த தரம் தனியாப் போகாம, கூட வேலை செய்யிற ஆறு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போகப் போறதாச் சொன்னா.