காபி இயந்திரமும் நம் பெண்களும்

உணவகங்களில் உள்ள பெரிய எஸ்பிரஸ்ஸோ காபி இயந்திரம் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவது எளிதன்று. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரம் மூன்றோடும் அது பிணைந்திருக்கிறது. மெக்கானிக்தான் அதைத் தேடி வரவேண்டும். அப்படி வருவதே நல்லதும்கூட. ஏனெனில் பல வேளைகளில் கோளாறு தொடங்குவது அவ்விடத்துத் தண்ணீரில்தான்.

உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டில் பார்க்கிறோம் அல்லவா? அதே படிவு பாய்லருக்குள் ஹீட்டரை மூடுகிறது. குறுகிய குழாய்களை அடைக்கிறது. பாதுகாப்பு வால்வையும் இறுக்கிவிடுகிறது. அழுத்தம் மிகும்போது அந்த வால்வு திறக்காவிட்டால் பாய்லர் வெடிக்கவும் கூடும். பக்கத்தில் நிற்பவர் காபி போடும் ஏழைத் தொழிலாளி. ஆகவே, கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டுக் காசு வாங்கிச் செல்பவரை நல்ல மெக்கானிக் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீரின் கடினத்தன்மையையும் வால்வையும் சோதித்த பின்பே அவர் புறப்பட வேண்டும்.

இவ்வேலைக்குப் பெண்கள் ஏன் வரக்கூடாது? கடின நீரையும் நீராவி அழுத்தத்தையும் படித்துத்தானே தேர்வு எழுதுகிறோம்! காபியை வடிக்கும் பம்பின் அழுத்தம் 9 பார் அளவு என்றாலும், பாய்லரில் உள்ள நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய நம் வீட்டுக் குக்கரின் அழுத்தமே. அந்தக் குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் வால்வையும் நாள்தோறும் கையாள்பவர் யார்? ஸ்பானர் பிடிப்பது பெண்ணுக்கு அழகன்று என்பவர்கள் தங்கள் வீட்டு அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

அருட்சகோதரியர் மனம் வைத்தால் தையல் வகுப்புக்குப் பக்கத்து அறையில் ஒரு கருவிப் பெட்டிக்கும் இடம் கிடைக்கும். பெற்றோரும் மகனுக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்கும்போது மகளுக்கும் ஒன்று வாங்கி வரட்டும்.