ஆய்வுகூடத்தின் திறப்பு யார் கையில்?

சென்ற மார்கழி விடுமுறையிலே என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். பாடசாலையிலே ஐந்தாண்டுகள் என்னிடம் தமிழ் பயின்றவள். பின்னர்ப் பௌதிகவியலிற் சிறப்புப் பட்டமும், ஐரோப்பாவிலே லேசர் ஒளி கொண்டு பரிசோதனை செய்யும் துறையிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவள். வந்தவள் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, அங்கே ஒரு பல்கலைக்கழகத்திலே உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். பெண்களுக்கென்றே ஒதுக்கிய இடம். போடுவதா விடுவதா என்று தெரியவில்லை. கிடைத்தால், பெண் என்றபடியால் கிடைத்தது என்று முதுகுக்குப் பின்னாலே சொல்லுவார்கள்” என்றாள்.

யான் உடனே விடை கூறவில்லை. கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதே ஐயமாயிருந்தது. அவள் பல்கலைக்கழகம் புகும் காலத்திலே அவளுடைய தந்தையார் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். “பௌதிகவியல் படிக்கட்டும்; ஆராய்ச்சி, அது இது என்று போகாமற் பாடசாலை ஆசிரியையாக வந்துவிட்டால் நல்லது; பெண்பிள்ளைக்கு அதுவே பாங்கு” என்று சொன்னவன் யானேதான். அச்சொல்லைக் கேளாது விட்டமை அவளுடைய நற்பேறு.

ஆதலின் இம்முறை வாய்க்கு வந்ததைச் சொல்லாது, “சிறிது படித்த பின்னர் எழுதுகிறேன், பிள்ளை” என்று கூறி அனுப்பினேன். படித்ததிலே மனத்திற் பட்டவற்றை இங்கே வாசகர்முன் வைக்கின்றேன். தமிழ்ப் பண்டிதனுக்குப் பௌதிகவியலில் என்ன அலுவல் என்று கேட்பார் உளர். பெண்பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லும் அலுவலை நம்போன்றோர் எவரும் கேளாமலே ஏற்றுக்கொண்டிருக்கின்றோம். அதனால் வந்த கடன் இது.

பௌதிகவியலுக்கான நோபல் பரிசு 1901 முதல் 2025 வரை இருநூறுக்கும் மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்டுள்ளது. அவருட் பெண்கள் ஐவரே. மேரி கியூரி 1903இலும், மரியா கெப்பெர்ட் மேயர் 1963இலும், டொனா ஸ்ரிக்லண்ட் 2018இலும், அன்ட்ரியா கெஸ் 2020இலும், ஆன் லூலியே 2023இலும் பெற்றனர். முதலிருவர்க்கும் இடையே 60 ஆண்டு. அடுத்தவர் வருவதற்கு மேலும் 55 ஆண்டு. இக்கணக்கைக் கண்டவுடன் பெண்ணின் மூளையை ஆராயப் புகுவார் பலர். யான் ஆராய விரும்புவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அறைகளை.

காரணம் கூறுகின்றேன். கெப்பெர்ட் மேயர் கோட்பாட்டாளர். கணவர் பேராசிரியராயிருந்த பல்கலைக்கழகங்களிலே நெடுங்காலம் ஊதியமின்றி உழைத்தவர். முழுநேர ஊதியத்தோடு பேராசிரியரானது 1960இல், 53ஆம் வயதிலே. அது பெருங்கொடுமையே. எனினும் அவருடைய வேலை நின்றுவிடவில்லை. தாளும் எழுதுகோலும் நூலகமும் இருந்தன. கருவின் ஓட்டுக் கட்டமைப்பைக் கண்டுகொண்டார். பரிசோதனையாளர்க்கு அவ்வசதி இல்லை. அவர்க்கு அறை வேண்டும். அதுவும் அதிராத தளத்திலே வேண்டும். வெற்றிடப் பம்பிகள் வேண்டும். உலோகம் கடைபவரும் மின்சுற்று அமைப்பவரும் உதவிக்கு வேண்டும். மாணவர் வேண்டும். நள்ளிரவிலும் புகுந்து பார்க்கத் திறப்பு வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் அவர் தாமாக உண்டாக்கிக் கொள்ளல் இயலாது. நிறுவனமே மனமுவந்து தரல் வேண்டும். ஆகவே பரிசோதனைத் துறையிலே ஒரு பெண்ணை வரவேற்கின்றனரா என்பதை நியமனக் கடிதத்திற் காண்பது அரிது. அறையிலே காணலாம்.

லிசே மைட்னரின் வரலாறு இதனை நன்கு காட்டும். வியன்னாவிலே கலாநிதிப் பட்டம் பெற்று 1907இற் பேர்லினுக்கு வந்தார். இரசாயன நிறுவனத்தின் தலைவராயிருந்த எமில் பிஷர் தமது ஆய்வுகூடங்களுட் பெண்களை விடுவதில்லை. பலர் வேண்டிக்கொண்டமையால் ஒரு சலுகை அளித்தார். நிலக்கீழ்த் தளத்திலே பழைய தச்சுப்பட்டறை ஒன்று இருந்தது. அதற்கு வெளியிலிருந்து தனிவாயில் உண்டு. அவ்வாயிலாற் புகுந்து அப்பட்டறையில் வேலை செய்யலாம். மாணவர் பயிலும் மேல்தளத்திற்கு ஏறுதல் கூடாது. மலசலகூடத்திற்கு அயலிலுள்ள உணவகமொன்றிற்குப் போய்வர வேண்டியிருந்தது. கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியின் முதன்மையான கட்டுரைகள் சில அந்தத் தச்சுப்பட்டறையிலிருந்தே வெளிவந்தன. 1912இற் புதிய நிறுவனத்திற்கு மாறியபோது, உடனுழைத்த ஓட்டோ ஹானுக்கு ஊதியம் உண்டு, மைட்னர் ‘விருந்தினர்’. அவ்வாண்டின் பிற்பகுதியிலே மாக்ஸ் பிளாங்க் தம் உதவியாளராக நியமித்த பின்னரே, 34 வயதிலே, முதன்முதலாக ஊதியம் கண்டார்.

1922இற் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமை பெற்றபோது அண்டவெளி நிகழ்ச்சிகளிற் கதிர்த்தொழிற்பாட்டின் பங்கைக் குறித்து அவர் விரிவுரை நிகழ்த்த, பத்திரிகையொன்று ‘கொஸ்மிக்’ என்பதை ‘கொஸ்மெற்றிக்’ என அச்சிட்டு, அழகுசாதனப் பௌதிகவியலாக்கிவிட்டது என்பர். அச்சுப்பிழைகளோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டும் எனக்கு இது வெறும் எழுத்துப்பிழையாகத் தோன்றவில்லை. பெண்ணொருத்தி பேசுகின்றாள் என்றவுடன் கண் தானாகவே அவ்வாறு வாசித்திருக்கும். 1926இலே அவர் பேராசிரியரானார். ஜேர்மனியிலே பௌதிகவியலில் அப்பதவி பெற்ற முதற் பெண். பேராசிரியர் என்னும் நம் சொல் உயர்வுப்பன்மையாய் இருபாலார்க்கும் பொதுவாய் நிற்பது. இலக்கணம் எப்பொழுதோ கொடுத்துவிட்ட இடத்தைப் பேர்லின் கொடுப்பதற்கு 19 ஆண்டுகள் ஆயின.

யூதக் குடியிற் பிறந்தவராதலின் 1933இற் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1938 ஜூலையில் உயிர் தப்பி ஒல்லாந்து வழியாகச் சுவீடன் சேர்ந்தார். அவ்வாண்டு மார்கழியிலே ஹான் எழுதிய கடிதத்தைக் கண்டு, தம் மருமகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியிலே நடந்தவாறு கணித்து, யுரேனியத்தின் கரு பிளந்துவிட்டது என்று கண்டவர் அவரே. எனினும் ஸ்ரொக்ஹோமிலே அவர்க்கு இடந்தந்த நிறுவனத்தின் நிலை யாது? அதன் பெயரே பரிசோதனைப் பௌதிகவியல் நிறுவனம். அங்கே அவர்க்கு ஒரு மேசை கிடைத்தது. உபகரணம் இல்லை, உதவியாளர் இல்லை, தமக்கென ஒரு திறப்புக் கோவைகூட இல்லை. (சாவி என்பது போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். எங்கள் ஊரிலே வழங்கும் திறப்பு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது.) 1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயனப் பரிசு ஹானுக்கு மட்டும் சென்றது. மைட்னர் பெயர் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை பிரேரிக்கப்பட்டது, பரிசு வரவில்லை. 109ஆம் மூலகத்திற்கு அவர் பெயர் 1997இல் வைக்கப்பட்டது; அவர் 1968இலேயே மறைந்துவிட்டார்.

இவையெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிடலாமா? சீனத்திலிருந்து ஐக்கிய அமெரிக்கா சென்ற வூ சியென் சியுங்கைப் பாருங்கள். இயற்கை இடம் வலம் என்று வேற்றுமை பாராட்டாது என்னும் கொள்கையை, கோபாற்று 60ஐத் தனிப்பூச்சியத்திற்கு மிக அண்மையாகக் குளிரச் செய்து, 1957 தொடக்கத்திலே தகர்த்தவர். அவ்வாண்டிலேயே நோபல் பரிசு கொள்கையளவில் ஐயத்தை எழுப்பிய ஆடவர் இருவர்க்குச் சென்றது. கைகளாற் செய்து காட்டியவர்க்கு இல்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே 1944 முதல் இருந்த அவர்க்கு, உடனிருந்த ஆடவரோடு ஒத்த ஊதியம் 1975இலேதான் கிடைத்தது. அமெரிக்கப் பௌதிகவியற் சங்கத்தின் முதற் பெண் தலைவராக அவர் விளங்கிய ஆண்டும் அதுவே.

நமக்கு அண்மையிலும் ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அன்னா மணி, 1940இற் பெங்களூரிலே சேர் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் இணைந்தார். வைரத்தின் ஒளிர்வைப் படமெடுப்பதற்கு ஒளிப்படத் தகட்டை மணிக்கணக்காகக் காத்திருந்து வேலை செய்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தாற் சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. பின்னர் இந்திய வானிலைத் துறையின் கருவிகளைச் செப்பஞ்செய்து பெரும்புகழ் பெற்றார். பட்டம் கடைசிவரை வரவில்லை.

இனி, அளவுகோலை எடுத்தவர் ஒருவரைக் கூறல் வேண்டும். அவர் பௌதிகவியலாளர் அல்லர், உயிரியலாளர். ஆயினும் அவர் வாழ்ந்தது ஆய்வுகூட வாழ்வே. மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் நான்சி ஹொப்கின்ஸ் மீன் தொட்டிகள் வைக்க மேலும் 200 சதுர அடி இடம் கேட்டார், மறுக்கப்பட்டது. இரவிலே அளவுநாடாவோடு கட்டடம் முழுவதும் சென்று அறைகளை அளந்தார். தம்மைவிட இளையவரான ஆடவர்க்குத் தம்மைவிடக் கூடிய இடம் இருக்கக் கண்டார். மற்றைப் பெண் பேராசிரியர்களைத் தேடிச் சென்றபோது, அக்கழகத்தின் அறிவியற் பீடத்தின் ஆறு துறைகளிலும் நிரந்தரப் பதவி பெற்ற பெண்கள் 15 பேரே என்பது தெரிந்தது; ஆடவர் 190க்கும் மேல். 1999இல் வெளியான அறிக்கைக்கு முன்னுரை வரைந்த கழகத் தலைவர் சார்ள்ஸ் வெஸ்ற், பாரபட்சம் பாதி உண்மை, பாதி மனப்பிராந்தி என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், உண்மையின் பங்கே பெரிது என்று இப்பொழுது உணர்வதாகவும் ஒப்புக்கொண்டார். மனத்தாங்கலை எவரும் மறுக்கலாம். சதுர அடியை மறுத்தல் எளிதன்று.

காலமும் ஓர் இடமே. அமெரிக்க வழக்கப்படி உதவிப் பேராசிரியர்க்கு ஆறேழு ஆண்டு தவணை. அதற்குள் தம்மை நிலைநாட்டாவிடின் வெளியேறல் வேண்டும். பரிசோதனையாளர்க்கு உபகரணத்தைப் பூட்டி முடிப்பதற்கே முதலிரண்டு ஆண்டுகள் கழியும். பிள்ளை பெறும் வயதும் அதுவே. இதற்குப் பரிகாரமாகப் பல பல்கலைக்கழகங்கள் குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவர்க்கும் தவணையை ஓராண்டு நீட்டின. பொருளியற்றுறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, அவ்வோராண்டினால் ஆடவர்க்கு நிரந்தரப் பதவி வாய்ப்புக் கூடியது, பெண்களுக்குக் குறைந்தது என்று கண்டது. அதிலே வியப்பில்லை. தொட்டிலாட்டியவர் ஒருவர், கட்டுரை எழுதியவர் மற்றவர்.

என் மாணவியின் கேள்விக்கு வருகின்றேன். பெண்களுக்கென இடம் ஒதுக்குதல் தகுமா? இதிற் பெரிதும் பேசப்பட்டது ஒல்லாந்தின் ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் திட்டம். 2019 ஜூலை முதல், கற்பிக்கும் பதவி எதுவாயினும் முதல் ஆறு மாதம் பெண்களிடமிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும் என்று அறிவித்தனர். முறைப்பாடுகள் எழுந்தன. 2020 ஜூலையில் அந்நாட்டு மனித உரிமை நிறுவனம் இது வரம்பு கடந்தது எனத் தீர்த்தது. 2021இலே பெண்கள் மிகக் குறைந்த பிரிவுகளுக்கு, இடங்களில் ஒரு பங்குக்கு மட்டும் என்று சுருக்கித் திட்டத்தை மீண்டும் தொடங்கினர்.

அத்தீர்ப்பிலே நியாயம் இல்லை என்று யான் கூறேன். தன் முன்னோர் செய்த தவற்றுக்கு இன்றைய இளைஞன் ஒருவன் வாசலில் நிற்பது அவனளவில் வருத்தமே. ஆயினும் இவ்வழக்கிலே இருசாராரும் வாயிலைப் பற்றியே வாதிட்டனர். அத்திட்டத்தில் என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று: தெரிவாவோர்க்கு ஆராய்ச்சியைத் தொடங்க 1,00,000 யூரோவும் வழிகாட்டி ஒருவரும் தருவதாக அதில் ஒரு விதி உண்டு. லேசர்ப் பரிசோதனைக்கு அத்தொகை போதாது என்று என் மாணவி சிரித்தாள். போதாவிடினும் அங்கேதான் விடயம் இருக்கின்றது. இடம் ஒதுக்கி, ஆய்வுகூடத்தை ஒதுக்காவிடின், அது பிஷரின் தச்சுப்பட்டறையே.

காற்று எதிர்த்திசையிலும் அடிக்கின்றது. 2025 ஏப்பிரலில் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறநிலையம், பெண்கள் முதலியோரின் பங்கேற்பை விரிவாக்கும் நோக்கம் கொண்ட பல மானியங்களை இடைநடுவே நிறுத்தியது. நன்கொடையாகத் தரப்பட்ட திறப்பை எந்நாளும் திருப்பிக் கேட்கலாம்.

“பெண் என்றபடியால் கிடைத்தது” என்னும் ஏச்சுக்கு அஞ்சி விண்ணப்பியாதிருத்தல் பற்றி ஒரு சொல். டொனா ஸ்ரிக்லண்ட், ஒளித்துடிப்பை நீட்டி, பெருக்கி, மீண்டும் ஒடுக்கும் முறையை 1985இற் கலாநிதி மாணவியாயிருந்தபோதே தம் பேராசிரியரோடு சேர்ந்து கண்டவர். 2018இற் பரிசு அறிவிக்கப்பட்டபொழுது கனடாவின் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்திலே இணைப்பேராசிரியராகவே இருந்தார். ஏன் முழுப் பேராசிரியர் அல்லர் என்று உலகம் கேட்டது. தாம் விண்ணப்பிக்கவில்லை என்று அவர் எளிமையாகக் கூறினார். அவ்விடையை யான் ஐயுறவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளிலே, “அம்மையே, விண்ணப்பியுங்கள்” என்று அவர் மேசையிலே ஒரு படிவத்தைக் கொண்டு வைத்தார் இலரோ என்றே கேட்கின்றேன்.

ஆன் லூலியேயின் வரலாறு வேறு. பிரெஞ்சு அணுசத்தி ஆணையகத்திலே 1986இல், 28 வயதளவிலே, நிரந்தரப் பதவி பெற்றார். அடுத்த ஆண்டே, லேசர் ஒளி வாயுவினுட் புகும்போது எழும் உயர் இசையங்களை அவதானித்தார். பதவி முன்னர், கண்டுபிடிப்பு பின்னர் என்ற வரிசையைக் கவனிக்க. பின்பு நல்ல லேசர் இருந்த சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1997இற் பேராசிரியரானார். மைட்னர் திறப்பின்றி இருந்த அதே நாடு. 2023இற் பரிசுச் செய்தி தொலைபேசியில் வந்தபோது வகுப்பின் இடைவேளை. செய்தியைக் கேட்டுவிட்டு மீண்டும் உட்சென்று எஞ்சிய அரைமணி நேரத்தையும் கற்பித்து முடித்தார். ஆசிரியத் தொழில் செய்வார் இதனைப் படித்து மகிழாதிருத்தல் இயலாது.

மாசி மாதத்திலே மாணவிக்குக் கடிதம் எழுதினேன். பழைய புத்திமதியை மீளப் பெற்றுக்கொள்வதாக முதல் வரியிலே எழுதினேன். விண்ணப்பிக்குமாறும், நேர்முகத்திலே அவர்கள் கேட்பதற்கு விடை கூறியபின் தானும் சில கேட்குமாறும் எழுதினேன்: ஆய்வுகூடம் எத்தனை சதுர அடி? இதே தரத்தில் உள்ள மற்றையோர்க்கு எத்தனை? தொழினுட்ப உதவியாளர் முழுநேரமா, பகிர்வா? தவணையிடையிற் குழந்தை பிறந்தால் உபகரணத்தை ஓட்டுபவர் யார்? திறப்பு எந்நாளிற் கைக்கு வரும்?

அவள் விண்ணப்பித்துவிட்டாள். என் கேள்விகளிற் கடைசியை மட்டும் வெட்டிவிட்டாளாம். இக்காலத்திலே திறப்பில்லை, அட்டை ஐயா, என்று எழுதியிருந்தாள். நேர்முகம் வைகாசியில்.