கையெழுத்து அங்கே, தறி இங்கே!

மூன்றாம் ஆண்டு மாணவன், ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் பெஞ்ச் நண்பன் சிரித்தான். "பொருளாதாரம், வெளியுறவுன்னு எழுதினா எவன்டா படிப்பான்? பேசாம ஒரு காதல் கவிதை எழுது" என்றான். கவிதைப் பக்கங்கள் ஏற்கனவே நிரம்பி வழிவதாகக் கேள்வி. ஆகவே துணிந்து இதை எழுதுகிறேன். இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் நம்ம வயிற்றுப்பாடு பற்றியது.

எங்கள் வீட்டில் எட்டு விசைத்தறி. கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகும் வழியில் தறிக்குடோன். அப்பா கூலிக்கு நெய்கிறவர். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். காடாத் துணியாக நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு 2022 ஜனவரியிலும், மறுபடி 2025 மார்ச்சிலும் நம் பகுதித் தறிகள் வாரக்கணக்கில் நின்றது உங்களில் பல பேருக்கு வீட்டு அனுபவம். அந்த நாட்களில் எங்கள் அப்பத்தாவுக்குத் தூக்கமே வரவில்லை. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய காது!

2025 ஜூலை 24. இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள். டி.வி.யில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் நிற்க, மந்திரிகள் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா கண்ணு, இத்தன பெரிய ஒப்பந்தங்கறாங்களே, இதுல நம்ம தறிக்கு ஏதாச்சும் வருமா?"

"வரும்னுதானுங்கப்பா சொல்றாங்க."

"எப்ப? நான் தறிய எடைக்குப் போடறதுக்கு முன்னாலயா, போட்டதுக்கு அப்பறமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பழைய இரும்பு வியாபாரி வந்து தறிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல் சுவர்: வரி

வளர்ந்த நாடு, வளரும் நாடு இரண்டும் கூட்டுச் சேர்வதில் முதலில் பேசப்படுவது வரி. பிரிட்டனில் இறங்கும் இந்திய ஆடைக்கு, ரகத்தைப் பொறுத்து 12 சதவீதம் வரை வரி இருந்தது. ஆனால் வங்கதேசத்துச் சட்டைக்கு அங்கே வரி கிடையாது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருந்ததால் அதற்கு அந்தச் சலுகை. நூறு ரூபாய்க்கு இங்கிருந்து போகும் சட்டை அங்கே நூற்றுப் பத்து ஆகிவிடும், அவர்களுடையது நூறாகவே இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையர் எதை எடுப்பார்? இதற்குப் பொருளாதார நிபுணர் வேண்டாம், சோமனூர் சந்தையில் தக்காளி விற்கும் அக்காவே பதில் சொல்லிவிடுவார்.

புதிய ஒப்பந்தப்படி இந்தியப் பொருள்களில் 99 சதவீத வகைகளுக்கு பிரிட்டன் வரியை நீக்குகிறது. பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஸ்காட்ச் விஸ்கிக்கு இங்கே இருந்த 150 சதவீத வரி முதலில் 75 ஆகி, பத்தாம் ஆண்டில் 40க்கு இறங்கும். கார் வரியிலும் குறைப்பு உண்டு. கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதில் தப்பில்லை. அவர்களுடைய விஸ்கி இங்கே வருவதற்கு ஈடாக நம்ம பனியன் அங்கே போகிறது என்றால், பனியன் பக்கம் நிற்கிற நமக்கு அது லாபமே.

ஐரோப்பிய யூனியனோடு நடந்த பேச்சு இன்னும் சுவையானது. அது 2007ல் தொடங்கியது. நான் பிறந்ததும் அதே வருஷம்தான். 2013ல் நின்று போய், 2022ல் மறுபடி தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்றுதான் பேச்சு முடிந்ததாக அறிவித்தார்கள். நான் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் முடித்து, டிப்ளமோ கடைசி வருஷம் வரும் வரைக்கும் ஒரு பேச்சுவார்த்தை! ஆக, அப்பாவின் "எப்ப?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை.

இரண்டாம் சுவர்: ஊசி

சரி, வரி போய்விட்டால் எல்லாம் வந்துவிடுமா? வராது என்பதற்கு ஜப்பானே சாட்சி. ஜப்பானோடு நாம் செய்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் ஆடைக்கு அங்கே வரிச் சுவர் இடிந்து இத்தனை வருஷம் ஆகியும், திருப்பூரில் போய் "யாருக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டால் ஐரோப்பா, அமெரிக்கா என்றுதான் முதலில் சொல்வார்கள். ஜப்பான் பேர் அரிதாகத்தான் வரும்.

ஏன்? அங்கே இன்னொரு சுவர் இருக்கிறது. அதன் பேர் தரம். ஜப்பான் ஆர்டர் எடுக்கிற கம்பெனியில் தையல் ஊசி ஒன்று உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு உருப்படியும் நீடில் டிடெக்டரில் போய் வர வேண்டும். குழந்தை போடும் பனியனில் ஊசி முனை ஒன்று இருந்துவிட்டால் அந்தக் கம்பெனி பேர் அங்கே முடிந்தது. சாயம் போகிறதா, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்குகிறது, கழிவுநீரை என்ன செய்தாய் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

வரிச் சுவரை மந்திரிகள் இடிக்கலாம். இந்த இரண்டாவது சுவரை எந்த மந்திரியும் ஏறித் தர முடியாது. லேபில் நிற்கிறவன், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் ஏற வேண்டும். அதாவது நாம்.

ஒரே பையர், ஒரே அடி

2025 ஆகஸ்டு மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்டு 27 முதல் இன்னொரு 25. ஆக 50. திருப்பூர் 2024-25ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. எண்ணெய் வாங்கியது எங்கோ இருக்கும் கம்பெனிகள். கோபித்துக்கொண்டது வாஷிங்டன். ஓவர்டைம் போனதோ திருப்பூர்த் தையல்காரருக்கு! 2026 பிப்ரவரியில் வரி குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் போன சீசன் போனதுதான்.

இதிலிருந்து நான் படித்த பாடம்: ராஜதந்திரம் என்பது டில்லி சமாச்சாரம் மட்டும் இல்லை. அது நம் தெருவுக்கும் வரும். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை வைத்தவன், அவருடைய முகம் பார்த்தே பிழைக்க வேண்டும்.

விற்ற கூட்டு, கற்றுக்கொடுத்த கூட்டு

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கூட்டு நமக்குப் புதிது இல்லை. 1888லேயே ஸ்டேன்ஸ் மில் கோவையில் நிறுவப்பட்டுவிட்டது. அதன் பின்னால் மில்கள் வரிசையாக வந்தன. மெஷின் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தது. நாம் ஓட்டினோம். மெஷினை உண்டாக்குகிற வித்தையை மட்டும் யாரும் பெட்டியில் வைத்து அனுப்பவில்லை.

1962ல் நடந்தது வேறு மாதிரி. சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு தொழில்நுட்பக் கூட்டுச் சேர்ந்து லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்தது. மெஷினை வாங்காமல், மெஷின் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிற்காலத்தில் அந்தக் கூட்டு முடிந்தது. ஆனால் கற்றது முடியவில்லை. இன்று நூற்பாலைக்கு வேண்டிய முழு வரிசை இயந்திரங்களையும் செய்கிற உலகத்தின் சில கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அதன் ஒரு தொழிற்சாலை நம்ம கணியூரில்தான் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்கள் இனிமேல் அந்தக் கட்டடத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள்.

1959ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. வந்தபோதும் அப்படித்தான். இயந்திரங்களோடு பேராசிரியர்களும் வந்தார்கள். நம்மவர்கள் அங்கே போய்ப் படித்து வந்தார்கள். 2016ல் ஜப்பானோடு செய்த ஒரு உடன்பாட்டில், பத்தாண்டில் 30,000 இந்திய இளைஞர்களுக்குத் தொழிற்சாலைப் பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆக, எழுத முடியாத ஷரத்து இல்லை இது. கேட்டால் கிடைக்கும்.

மறுபக்கமும் நான் பார்த்திருக்கிறேன். என் மாமா கடன் வாங்கி ஐரோப்பாவிலிருந்து பழைய ரேப்பியர் தறி நான்கை இறக்கினார். விலை மலிவு. கண்டெய்னர் வந்த அன்று தேங்காய் உடைத்து, ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். ஆறாம் மாதம் ஒரு தறியில் எலெக்ட்ரானிக் கார்டு போனது. மானுவல் இத்தாலிய மொழியில்! விற்றவர் போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் தறி சும்மா நின்றது, வட்டி மட்டும் ஓடியது. கடைசியில் நம்மைப் போல் பாலிடெக்னிக்கில் படித்த ஒரு அண்ணன் வந்து, கார்டைக் கழற்றி, லைன் லைனாகத் தொட்டுப் பார்த்து, சின்ன ஒரு பாகத்தை மாற்றி ஓட வைத்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நீங்க முன்னாலயே வந்திருக்கோணும்" என்றார்.

விற்றதோடு முடிகிற கூட்டுக்கும், கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிற கூட்டுக்கும் வித்தியாசம் அந்த இரண்டு மாத வட்டிதான்.

"வெளிநாட்டுக் கூட்டே வேண்டாம், எல்லாம் நாமே செய்வோம்" என்று சொல்லும் நண்பர்களும் நம் விடுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோவைப் பருத்திக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கம்போடியா ரகம் பேரிலேயே வெளிநாட்டை வைத்திருக்கிறது. நம்ம சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி என்ன செய்தார்? அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார். அந்த மனிதர்தான் 1945ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வரக் காரணமாக இருந்தவர். வாங்குவது தப்பில்லை. பிரித்துப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

என் கோரிக்கைகள்

ஆள்வோருக்கு மூன்று: ஒப்பந்தத்தில் வரிப் பட்டியலோடு பயிற்சிப் பட்டியலும் இருக்கட்டும், அதில் பாலிடெக்னிக்குகளின் பேரும் இருக்கட்டும். மானியம் கொடுத்து மெஷின் இறக்கச் சொன்னால், வரைபடமும் உதிரி பாகமும் பயிற்சியும் சேர்ந்து வர வேண்டும் என்று விதி போடட்டும். வரி குறைந்ததால் வரும் லாபம் பையரோடும் ஏற்றுமதியாளரோடும் நின்றுவிடாமல், மீட்டர் கூலி வரைக்கும் இறங்கி வர வழி செய்யட்டும். மேலே மழை பெய்து கடைமடை காய்ந்தால் அது என்ன பாசனம்?

நமக்கும் மூன்று: லேப் டெஸ்டிங்கை மார்க்குக்காகச் செய்யாமல் ஜப்பான்காரன் பார்ப்பான் என்று நினைத்துச் செய்வோம். ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ, மானுவல் படிக்கும் அளவுக்காவது ஒன்றைக் கற்றுக்கொள்வோம். ஊரில் நின்று போன ஒரு மெஷினையாவது படிப்பு முடிவதற்குள் ஓட வைப்போம்.

கடைசியாக, அப்பா விஷயம். நான்கு தறியை எடைக்குப் போட்டுவிட்டார். லாரியில் ஏற்றும்போது அப்பத்தா வெளியே வரவில்லை. மீதி நான்கும் ஓடுகின்றன. "இது இருக்கட்டும். நீ படிச்சு முடிச்சுட்டு வந்து, இத வெச்சு என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு" என்றார்.

என் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பதில் சொல்ல வேண்டிய முறை லண்டனுக்கோ டில்லிக்கோ மட்டும் இல்லை தோழர்களே, எனக்கும்தான், உங்களுக்கும்தான்.