கொழுந்து லொறியும் குறிகட்டுவான் படகும்



கொரோனா காலத்தில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. எரித்த உடல் திரும்பி வராது. என்றாலும், செய்தது பிழை என்று ஓர் அரசாங்கம் சொல்வது நல்லதே. ஆனால் அந்த நோய்க்காலத்தின் கணக்கு அந்த ஒரு மன்னிப்போடு தீர்ந்துவிடவில்லை. லயத்துக்கும் தீவுக்கும் வரவேண்டிய பாக்கி அப்படியே கிடக்கிறது.

முதலில் நடந்ததை ஞாபகப்படுத்துவோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவர் எந்த மதத்தவரானாலும் எரிக்க வேண்டும் என்றது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கேயோ, புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்தக் கட்டளை மாற்றப்பட்டது. இதை வெறும் முஸ்லிம்களின் விஷயமாகப் பார்த்தவர்கள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். நாமும் பெரும்பாலும் மண்ணில் அடக்கம் செய்கிறவர்கள்தானே? தேயிலை மலைக்குக் கீழே நம் பாட்டன் பூட்டன் படுத்திருக்கும் மயானங்கள் அதற்குச் சாட்சி. அந்தக் கட்டளை நம் வீட்டு வாசலுக்கும் வந்த கட்டளைதான்.

கட்டளை மாறியதும் புதைக்க இடம் தேடினார்கள். 2021 மார்ச் முதல் வாரத்தில் அரசாங்கம் கைகாட்டிய இடம் இரணைதீவு. யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தெற்கே, கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு தீவு அது. அங்குள்ள மீனவ மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். கடற்படை விடாத மண்ணுக்காக ஒரு வருடம் போராடி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தரையிறங்கியவர்கள். வந்து மூன்று வருடம் ஆகவில்லை, நாட்டின் கொரோனாச் சடலங்களெல்லாம் உங்கள் தீவுக்கு என்றார்கள். அந்தச் சனங்கள் எதிர்த்து நின்றார்கள். இறந்தவரை அவரவர் ஊரில் கௌரவமாக அடக்கம் செய்ய விடுங்கள் என்பதே நியாயமான கேள்வியாக இருந்தது. கடல் தாண்டிப் போய் அடக்கம் செய்ய முஸ்லிம் மக்களும் சம்மதிக்கவில்லை. முடிவில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஒரு சிறுபான்மையின் துக்கத்தை இன்னொரு சிறுபான்மையின் தலையில் இறக்கப் பார்த்த இந்த வித்தையை நாம் மறக்கக் கூடாது.

தீவுகளைப் பற்றி மலைநாட்டுத் தொழிலாளர் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் பெரியவர்களுக்குத் தீவார் புதியவர்கள் அல்ல. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவிலிருந்து வந்து தெற்கிலும் மலைநாட்டு டவுன்களிலும் கடை நடத்தியவர்கள் அவர்கள். நோய்க்காலத்தில் அந்த உறவு வேறு விதமாகத் தெரிந்தது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்று பரவியபோது, அங்கிருந்து ஊர் திரும்பியவர் மூலம் புங்குடுதீவு முடக்கப்பட்டது. அதே காலத்தில் கொழும்பிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகளிடம், தீபாவளிக்கு வீட்டுக்கு வராதீர்கள் என்றார்கள். தோட்டத்தில் வேலையில்லை என்று போன பிள்ளைக்கும், தீவில் வேலையில்லை என்று போன பிள்ளைக்கும் ஒரே விடுதி அறை, ஒரே இயந்திர வரிசை, கடைசியில் ஒரே பழி: "நோயைக் கொண்டு வந்தவர்கள்".

நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். கடற்பயணமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தீவில் ஒரு வைத்தியசாலை உண்டு. நோய் முற்றினால் அங்கிருந்து கடல் தாண்டி, பிறகு தரைவழியாக யாழ்ப்பாணம் போக வேண்டும். இரவில் என்றால் கடற்படைப் படகைக் கேட்க வேண்டும். காற்றும் கடலும் நோயாளிக்காகப் பொறுப்பதில்லை. கையைக் கழுவுங்கள் என்று வானொலி நாள் முழுக்கச் சொன்னது. நெடுந்தீவில் குடிக்கிற நல்ல தண்ணீருக்கே பாடு.

இப்போது நம் பக்கம் பாருங்கள். அவர்களுக்குப் படகு, நமக்குக் கொழுந்து லொறி. தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருப்பவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர். பட்டம் பெற்ற டொக்டர் அல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளியின் வைத்தியத்தைத் துரைமார் பொறுப்பில் விட்டது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது உண்மை. மிச்சம் இன்னும் நிருவாகத்தின் கையில். நாட்டுக்கெல்லாம் இலவச வைத்தியம் என்று பெருமை பேசுகிற தேசத்தில், நம் வைத்தியம் மட்டும் தேயிலைக் கணக்கில் ஒரு செலவாகக் கிடக்கிறது.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு. தேயிலைத் தோட்டத்துக்கு விலக்கு. ஏப்ரலில் கொழும்புத் தேயிலை ஏலம் முதல் தடவையாக இணையத்துக்குப் போனது. தேயிலை வாங்குகிறவர் வீட்டிலிருந்தே வாங்கினார். கொழுந்து எடுத்தவள் மலைக்குப் போனாள். மாலையில் வந்தால் ஒற்றைக் காம்பரா லயம். பாட்டி, பிள்ளைகள், புருஷன் எல்லோருக்கும் அதே காம்பரா, பொதுக் குழாய், பொதுக் கக்கூசு. ஒரு மீற்றர் இடைவெளி எங்கே விடுவது? தனிமைப்படுத்தினால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அன்றைய அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 1000 ரூபா 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. உடம்பும் முன்பே மெலிந்தது: 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் சின்ன உருவங்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் புள்ளிவிபரத்துக்கு முகம் உண்டு.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2020 மே மாதம் அரசாங்கப் புள்ளிவிபர அலுவலகம் கணக்குப் பார்த்தது. வயதை மட்டும் சமப்படுத்திப் பார்த்தபோது, கறுப்பின மக்கள் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட நாலு மடங்குக்கு மேல். வீடு, வருமானம், வாழும் இடம் போன்றவற்றையும் சேர்த்துச் சமப்படுத்தியபோது அது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் குறைந்தது. அதாவது வித்தியாசத்தின் பெரும்பகுதி தோலில் இல்லை, வாழ்க்கை நிலைமையில் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் நெருக்கிக் கிடந்த விடுதிகளில், 2020 முடிவதற்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று வந்துவிட்டது. ஆனால் அங்கே மரணம் மிகக் குறைவு. அவர்கள் இளைஞர்கள், வைத்தியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நெருக்கம் நோயைப் பரப்புகிறது, வைத்தியம் உயிரைக் காக்கிறது. இரண்டும் மனிதன் செய்கிற ஏற்பாடு. மாற்றக் கூடியவை.

இங்கிலாந்துக்காரர் அதைக் கண்டது எண்ணிப் பார்த்ததால்தான். நமது நாளாந்த அறிக்கைகள் மாவட்டம் மாவட்டமாக வந்தன. நுவரெலியா மாவட்டம் என்றால் அதில் டவுனும் உண்டு, லயமும் உண்டு; யாழ்ப்பாணம் என்றால் நகரமும் உண்டு, நெடுந்தீவும் உண்டு. எண்ணப்படாதவருக்கு மருந்தும் ஒதுக்கப்படாது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. தோட்ட வைத்தியசாலைகள் அனைத்தையும் அரசு பொறுப்பேற்று, தமிழ் பேசும் டொக்டரையும் தாதியரையும் நியமிக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் லயம் வரை வரக்கூடிய பாதை வேண்டும். தீவுகளுக்கு இரவு பகலாக ஓடும் அம்புலன்ஸ் படகு வேண்டும். தொற்றுக் காலத் தனிமைப்படுத்தலுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். நோய், மரணக் கணக்கில் தோட்டமும் தீவும் தனியாகப் பதியப்பட வேண்டும். லயத்துக்குப் பதில் காணியோடு வீடு என்ற பழைய கோரிக்கையும் சுகாதாரக் கோரிக்கைதான்.

அரசாங்கம் எண்ணும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்திலிருந்து ஒரு கொப்பி வைக்க வேண்டும். யாருக்கு வருத்தம் வந்தது, எத்தனை மணிக்கு வாகனம் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம், அங்கே தமிழில் பேச ஆள் இருந்ததா. படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். மாதர் தலைவிமார் பொறுப்பெடுத்தால் இன்னும் நன்றாக நடக்கும். மாவட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குச் சந்தாப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளக் கணக்குக்குப் பக்கத்தில் அதையும் வைப்போம்.