இடித்த பின் இரங்கிப் பயனென்ன?

மும்பை மலபார் குன்றின் மேல், கடலை நோக்கியவாறு ‘மெஹ்ராங்கீர்’ என்னும் வீடு ஒன்று இருந்தது. மெஹர்பாய், ஜஹாங்கீர் என்ற தம்பதிகளின் பெயர்களை இணைத்து அதற்கு அப்பெயர் இட்டார்கள். அவர்களுடைய குமாரரே டாக்டர் ஹோமி பாபா. பாரத நாட்டின் அணுசக்தி முயற்சிக்கு அஸ்திவாரமிட்டவர். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தவர். 1966-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தவர். அத்தகைய பெரியார் வாழ்ந்த வீடு 2014-ம் வருஷம் ஜூன் மாதம் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. 2016-ல் அது இடித்துத் தள்ளப்பட்டது.

நடந்து முடிந்த விஷயத்தை இப்பொழுது கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். நடந்தது முடிந்துவிட்டதாயினும், அது நடப்பதற்கு இடங்கொடுத்த நிலைமை முடிந்துவிடவில்லை என்பதே நம் பதில். மும்பையில் நேர்ந்தது நாளை சென்னையிலும், மதுரையிலும், காரைக்குடியிலும் நேரலாம். ஆகவே குற்றம் எங்கே இருந்தது என்பதை நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

முதலாவதாக ஒன்றைச் சொல்லிவிடுவோம். விற்றவர்கள் மீதோ வாங்கியவர்கள் மீதோ குறை கூற நாம் முன்வரவில்லை. டாக்டர் பாபாவின் சகோதரர் ஜாம்ஷெட் பாபா, தாம் முன்னின்று வளர்த்த தேசீயக் கலை நிலையத்திற்கு அவ்வீட்டைச் சேரும்படி செய்துவிட்டு 2007-ல் காலமானார். கலை நிலையம் தன் சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்றது. அதைப் பணங்கொடுத்து வாங்கியவருக்கு அதை அனுபவிக்கும் பாத்தியதை உண்டு. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்று நமது அரசியல் சாஸனத்தின் 300-ஏ ஷரத்து கூறுகிறது. அந்த ரக்ஷணை ஏழைக்கும் உண்டு, செல்வந்தருக்கும் உண்டு. அதைக் குலைத்து ஒரு ஞாபகச் சின்னம் எழுப்புவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

அப்படியானால் பிழை யாருடையது? காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாத சர்க்காருடையது என்றே சொல்வோம். அவ்வீட்டை ஞாபக மண்டபமாக்க வேண்டுமென்று அணுசக்தி நிலையங்களின் ஊழியர்கள் மன்றாடினார்கள், ஹைகோர்ட்டையும் நாடினார்கள். ஏலத்தை நிறுத்திவைக்க ஹைகோர்ட் இசையவில்லை. நியாயஸ்தலம் சட்டத்தைத்தான் அமல் செய்ய முடியும். இல்லாத பிரகடனத்தை உண்டாக்க முடியாது. தேசீய முக்கியத்துவம் உள்ளவையென்று பார்லிமெண்டின் சட்டப்படி பிரகடனமான இடங்களைக் காக்கும் கடமையை 49-வது ஷரத்து சர்க்காருக்கு விதிக்கிறது. ஆனால் 1958-ம் வருஷத்திய புராதனச் சின்னங்கள் சட்டமோ நூறு வருஷங்களுக்குக் குறையாத வயதுள்ளவற்றையே புராதனச் சின்னமென்று கொள்கிறது. கோயிலும் கோட்டையும் இதனால் பிழைக்கின்றன. நம் தந்தையர் காலத்தில் இந்நாட்டை உருவாக்கிய பெரியோர் வாழ்ந்த வீடுகள் பல, நூறு வயது நிரம்பும் முன்னரே ஏலக்காரரின் சுத்தியலுக்கு இரையாகின்றன.

இந்த இடைவெளியை ஸ்தல ஸ்தாபனங்கள்தான் நிரப்ப வேண்டும். பழைய கட்டிடத்தை இடிப்பதற்கும் புதியதை எழுப்புவதற்கும் நகரசபையின் அனுமதி வேண்டும் அல்லவா? அந்த அனுமதியே காவலன் நிற்க வேண்டிய வாசல். இவ்வுண்மையை மும்பை நகரம் பிற நகரங்களுக்கு முன்பே உணர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1995-லேயே அங்கு பாரம்பரியக் கட்டிடங்களுக்கென விதிகள் ஏற்பட்டன. கட்டிடங்களை மூன்று தரங்களாக வகுத்து, ஜாபிதாவில் சேர்ந்தவற்றை மாற்ற விரும்பினால் நிபுணர் கமிட்டியின் யோசனையைக் கேட்க வேண்டுமென்று விதித்தார்கள். அதனால் கட்டும் உரிமையை இழக்கும் சொந்தக்காரர், இழந்த அளவுக்குப் பத்திரம் பெற்று, நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு அதை விற்றுக்கொள்ளவும் வழி செய்தார்கள். சொந்தக்காரருக்கும் நஷ்டமில்லை, ஊருக்கும் நஷ்டமில்லை. இவ்வளவு இருந்தும் மெஹ்ராங்கீர் பிழைக்கவில்லை. வாசல் இருந்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் அதைச் சாத்துவதற்கு மனமும் வேண்டும்.

லண்டன் மாநகரில் நடந்த ஒரு விஷயம் இங்கே கவனிக்கத்தக்கது. டாக்டர் அம்பேத்கர் மாணவராக 1921-22-ல் வசித்த கிங் ஹென்றி வீதி வீட்டை 2015-ல் மகாராஷ்டிர சர்க்கார் வாங்கியது. அதைக் காட்சிசாலையாக நடத்த ஸ்தல கௌன்சில் 2018-ல் அனுமதி மறுத்தது. குடியிருப்பு வீதியின் அமைதியைக் கருதி அண்டை வீட்டார் சிலர் ஆட்சேபித்திருந்தார்கள். 2019-ல் பகிரங்க விசாரணை நடந்தது. இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. 2020-ல் பிரிட்டிஷ் மந்திரி அனுமதி வழங்கினார். முடிவு நமக்கு உகந்ததாயிருந்தது என்பதற்காக மட்டும் இதைக் கூறவில்லை. சாதாரணக் குடியானவரின் ஆட்சேபமும் ஏட்டில் ஏறி, காரணங்கள் எழுத்தில் வெளிவந்தன அல்லவா? அந்த முறையைத்தான் நாம் விரும்புகிறோம்.

நம் மாகாணத்தின் கதை என்ன? பாரதியார் கடைசிக் காலத்தில் வசித்த திருவல்லிக்கேணி வீட்டை 1993-ல் சர்க்கார் தன்வசமாக்கியது. கவி மறைந்து எழுபத்திரண்டு வருஷங்களுக்குப் பின்னர்தான் அதற்கு வேளை வந்தது! வீடு அதுவரையில் நின்றிருந்தது நமது பாக்கியம். நமது விழிப்பின் பயன் அல்ல. மாறாக, போயஸ் தோட்டத்தில் ஒரு முன்னாள் முதல் மந்திரியின் இல்லத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட போது, அதை ஹைகோர்ட் 2021-ல் ரத்து செய்து வாரிசுகளிடம் ஒப்படைக்கச் சொல்லிற்று. பொதுநலம் என்று சொல்லிவிட்டால் போதாது. அதை நிரூபிக்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. கட்டிடங்களைக் காக்கவென்று ஒரு பாரம்பரியக் கமிஷன் சட்டம் 2012-ல் நமது சட்டசபையில் நிறைவேறிற்று. பல வருஷங்கள் அது காகிதத்திலேயே உறங்கிற்று. சட்டம் உறங்கும் போது கடப்பாரை உறங்குவதில்லை.

ஆகவே நாம் கோருவது மூன்று. காக்கத்தக்க வீடுகளின் ஜாபிதாவை, அவை விற்பனைக்கு வரும் முன்னரே, ஒவ்வொரு நகரசபையும் தயாரித்துப் பிரசுரிக்க வேண்டும். சொந்தக்காரர் அப்போதே தம் ஆட்சேபத்தைச் சொல்லட்டும். வாங்குவோரும் தெரிந்தே வாங்கட்டும். இரண்டாவது, ஜாபிதாவில் சேர்ந்த வீட்டுக்காரருக்கு வரிக் குறைப்போ, கட்டிட உரிமைப் பத்திரமோ, நியாயமான ஈடு ஒன்று கிடைக்க வேண்டும். ஊருக்காக ஒருவர் மட்டும் நஷ்டப்படுவது தர்மமல்ல. மூன்றாவது, அத்தகைய வீட்டின் வளவில் புதிய கட்டிடம் கோரும் ஒவ்வொரு மனுவும் பகிரங்கமாக விசாரிக்கப்பட வேண்டும். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுதப்பட வேண்டும்.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டியதில்லை. ஊர் வளர வேண்டும். ஜனங்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை ஊரார் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நம் வாதம். மெஹ்ராங்கீர் விஷயத்தில் அந்த யோசனைக்கே இடமில்லாமற் போயிற்று. 372 கோடி ரூபாய் கொடுத்தும் இனி அவ்வீட்டைத் திரும்பப் பெற இயலாது. நமது நகரசபை அங்கத்தினர்கள் அடுத்த மனுவில் கையெழுத்திடும் முன் இதைச் சற்றே நினைப்பார்களாக.