எதார்த்தமான இலக்கு: யார் போட்ட கோடு?

"எதார்த்தமா ஒரு மார்க்கை இலக்கா வச்சுக்க, ரொம்ப ஆசைப்படாதே." சட்ட நுழைவுத்தேர்வான கிளாட்டுக்குப் படிக்கும் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை இது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே போட்ட கோட்டையும் எதார்த்தம் என்றுதான் சொன்னார்கள்.

இலக்கு வைத்து அடைந்து காட்டியவர் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176. அரசு வகுத்த இலக்கு அதுதான். அவர் அதைத் தொட்ட பிறகும் நீட் என்ற வேறு இலக்கைக் காட்டி மறித்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடியும் நியாயம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவருடைய இலக்கில் எங்கே எதார்த்தம் குறைந்தது?

சட்டக் கல்வியிலும் இதே கதைதான். தமிழ்நாடு சட்டமன்றம் 2012இல் இயற்றிய சட்டத்தால் உருவான தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெரம்பலூருக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வாசல் கிளாட். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்ல வேண்டும், அத்தனையும் ஆங்கிலத்தில். நீட்டைக்கூடத் தமிழில் எழுதலாம், கிளாட்டை எழுத முடியாது. விண்ணப்பக் கட்டணம் 4000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3500. ஐந்நூறு ரூபாய்தான் இவர்களின் சமூகநீதி!

அந்த அளவுகோலாவது நேராக இருக்கிறதா? 2024 டிசம்பரில் நடந்த கிளாட்டின் விடைகளில் பிழை கண்டு, முடிவுகளைத் திருத்தச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். கேள்விகள் அலட்சியமாகத் தயாரிக்கப்படுவதை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. கேள்வி கேட்பவர்களுக்கே சரியான விடை தெரியவில்லை. தகுதி பற்றிய பாடம் மட்டும் நம் பிள்ளைகளுக்கு.

இலக்கே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதை நாமே வைப்போம். முதல் மாதிரித் தேர்வில் 120க்கு 35 வந்தால், அது பிள்ளையின் அறிவுக்கு அளவல்ல. ஆங்கிலப் பத்தியோடு பழகக் கிடைத்த காலத்துக்கு அளவு. அங்கிருந்து மாதாமாதம் ஏறட்டும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும் என்பதால், எதைத் தொடாமல் விடுவது என்பதும் பயிற்சிதான். பொதுப்பிரிவுத் தரவரிசையைக் காட்டி மிரட்டுபவரிடம், நம் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த தரவரிசை எது என்று கேளுங்கள். இட ஒதுக்கீடு சலுகையல்ல, உரிமை.

கிளாட் ஒன்றே வழியுமல்ல. அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. ஒற்றை எண்ணில் ஒரு பிள்ளையின் உயிரைக் கட்டித் தொங்கவிட யாருக்கும் உரிமையில்லை.

கிளாட்டைத் தமிழில் நடத்து. ஒடுக்கப்பட்ட மாணவர்களிடம் கட்டணம் வாங்காதே. நம் வரிப்பணத்தில் நிற்கும் பல்கலைக்கழகத்தில் நம் பாடத்திட்டத்துக்கு மதிப்புக் கொடு. இவையே நம் எதார்த்தமான இலக்குகள். அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பை எழுதிய நாட்டில், சேரியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வருவது பேராசையாகத் தெரிந்தால், கோளாறு பார்ப்பவர் கண்ணில்.